ஐயம் தீருமுன் மருந்து

ஐயமறத் தெரிந்த பின்புதான் செயலில் இறங்க வேண்டுமா, ஐயம் இருக்கும்போதே இறங்கலாமா என்பது தத்துவத்தின் பழைய வினா. முதியவர் ஒருவரின் விழித்திரையை வைரஸ் தாக்கும்போது, இந்த வினாவுக்கு அன்றைக்கே விடை தேவைப்படுகிறது.

சின்னம்மை ஆறிய பின்னும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. முதுமையில் எதிர்ப்பாற்றல் தளரும்போது அது அக்கியாக வெளிப்படும். அரிதாக விழித்திரைக்குள் புகுந்து திசுவை அழிக்கும். 1971இல் ஜப்பானில் உராயாமா குழுவினர் முதன்முதலில் விவரித்த நோய் இது. ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸாலும் இது வரும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து உண்பவர்களின் விழித்திரையைச் சைட்டோமெகலோ வைரஸ் தாக்குவதும் உண்டு.

அறிவு பிறக்கும் வழிகளாகக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றைச் சைவ சித்தாந்தம் கொள்கிறது. ஐயமும் திரிபும் கலந்த காட்சியை அது ஏற்பதில்லை. கண் மருத்துவரும் இவ்வழிகளிலேயே நடக்கிறார். பார்வை மங்குகிறது, கண் சிவந்து வலிக்கிறது, கரும்புள்ளிகள் மிதக்கின்றன என்பது நோயாளியின் உரை. இதைக் கண்புரை என்றோ வயதின் தளர்ச்சி என்றோ கொள்வது திரிபு. கண்மணியை விரித்துப் பார்த்தால், விழித்திரையின் ஓரத்தில் வெண்மஞ்சள் திட்டுகளும் அடைபட்ட இரத்த நாளங்களும் தெரியும், இது காட்சி. வைரஸ்தான் காரணம் என்பது கருதல். டாக்சோபிளாஸ்மாவும் சிபிலிசும் இதே தோற்றம் தரக்கூடும் என்பதால் ஐயம் எஞ்சுகிறது. கண்ணின் முன்னறை நீரைச் சிறிது எடுத்துச் செய்யும் பிசிஆர் சோதனை அந்த ஐயத்தைப் பெரும்பாலும் தீர்க்கும். ஆனால் அதன் முடிவு வரும்வரை நோய் காத்திராது.

ஜவ்வாது மலையில் இந்தக் காலக்கணக்கு இன்னும் இறுகுகிறது. ஜமுனாமரத்தூர் பக்கத்து மலையாளிப் பழங்குடி முதியவர் ஒருவர் விழித்திரை மருத்துவரைக் காண வேலூர் போன்ற ஊருக்கு இறங்கியாக வேண்டும். அம்மை கண்டால் வேப்பிலை கட்டித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை பொறுத்திருப்பதும், அக்கிக்குக் குயவரிடம் காவி எழுதிக்கொள்வதும் தமிழகத்தின் நெடிய வழக்கங்கள். இவற்றை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தோலில் வரும் கொப்புளம் பெரும்பாலும் தானே ஆறும் என்ற அனுபவம் இவற்றின் பின்னால் உண்டு. தோலில் மெய்யான அந்தக் கருதலை விழித்திரைக்கு நீட்டுவதுதான் பிழை. அழிந்த விழித்திரை மீண்டும் வளராது. சோதனை முடிவு வரட்டும் என்று மருந்தை நிறுத்திவைக்கும் மருத்துவரும் இதே பிழையைத்தான் செய்கிறார்.

எனவே ஐயத்தோடேயே சிகிச்சை தொடங்குகிறது. கிலோ எடைக்கு 10 மி.கி. அசைக்ளோவிர் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை சிரை வழியே செல்லும். முதியவரின் சிறுநீரகத் திறனுக்கேற்ப அளவு குறையும். தேவையானால் கண்ணுக்குள்ளேயே கான்சிக்ளோவிர் அல்லது ஃபாஸ்கார்நெட் செலுத்தப்படும். பிறகு பல வாரங்களுக்கு மாத்திரை தொடரும். மறு கண்ணையும் காப்பது அதன் நோக்கம். வைரஸ் மருந்தின் காப்பின்றி ஸ்டீராய்டு தந்தால் நோய் பரவும். திசு மெலிந்த விழித்திரை பின்னாளில் பிரியக்கூடும் என்பதால் கண்காணிப்பு மாதக்கணக்கில் நீள்கிறது.

தவறாகத் தொடங்கிய மருந்தைச் சோதனை முடிவு வந்ததும் நிறுத்தலாம். தவறவிட்ட நாளை மீட்க வழியில்லை. இரண்டு பிழைகளில் திருத்தக்கூடியதைத் துணிந்து ஏற்பதே அறம். அதற்கு முழு உறுதி வேண்டியதில்லை. முடிவு மாறினால் வழியையும் மாற்றிக்கொள்ளும் மனம் வேண்டும்.