மணிச்சத்தத்துக்கு ஓடுவது யார்?

பூஜையில் மணியை எடுக்கும்போது சொல்ல வேண்டிய சுலோகம் ஒன்று உண்டு. தேவர்கள் வரட்டும், அரக்கர்கள் விலகட்டும், அதற்காக மணி அடிக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். அஞ்செட்டியில் சின்ன ஈஸ்வரன் கோயில் ஒன்றில் பூஜை செய்கிறவன் நான். அப்பாவிடம் கற்ற நாளிலிருந்து அந்தப் பொருளைப் பற்றி எனக்குக் கேள்வி எழுந்ததில்லை. இப்போது எழுந்திருக்கிறது. சத்தம் கிளம்பியதும் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறவன் என் மகள் வயிற்றுப் பேரன். ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை.

கைமணிக்கு அவன் அப்படி ஓடுவதில்லை. உபயதாரர் வாங்கிக் கொடுத்த மோட்டார் மேளத்துக்குத்தான் ஓடுகிறான். ஸ்விட்சைப் போட்டால் முரசும் சேகண்டியும் மணியும் ஒன்றாக அடிக்கும். கல் மண்டபம் என்பதால் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். நமக்குச் சற்று நேரத்தில் காது பழகிவிடுகிறது. வேண்டாததை மூளை ஒதுக்கிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த ஒதுக்கல் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. ஃபேன் ஓடுவது, பக்கத்து வீட்டு மிக்சி, லாரி ஹாரன், அம்மா கூப்பிடுவது எல்லாமே ஒரே பலத்தோடு உள்ளே இறங்கும். அவனே மணிக்கணக்கில் முனகிக்கொண்டிருப்பான். சத்தம் ஆகாதவன் ஏன் சத்தம் போடுகிறான் என்று கேட்பார்கள். தன் சத்தம் எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். பிறர் போடும் சத்தத்தில் அது தெரியாது.

மகள் குடும்பம் ஓசூரில் சிப்காட் பக்கம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. தொழிற்பகுதிக்கு 75, 70. 20 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் நூறு மடங்கு. வீடும் லேத் பட்டறையும் ஒட்டி நிற்கும் தெருவில் எந்த வரம்பைப் பிடித்துக்கொள்வது? லீவு விட்டதும் தேன்கனிக்கோட்டை வழியாகப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து விடுகிறாள். இங்கே காடு இருக்கிறது, காற்று இருக்கிறது. ராகி முற்றும் காலத்தில் யானையை விரட்ட ராத்திரியில் வெடி போடுவார்கள். அது பிழைப்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்கு அந்த நியாயம் கிடையாது.

சாமிக்கு மேளம் இல்லாமலா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நடராசர் கையில் உடுக்கை இருக்கிறது; நாதமே இறைவன் என்று நம்பி வளர்ந்தவன் நானும். ஆனால் அதே கோயிலின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருக்கிறார். சனகாதி நால்வருக்கும் வாய் திறக்காமலே உபதேசித்தவர் அவர். இருவரும் ஒரே ஈஸ்வரன். ஆடுகிறவரை மட்டும் வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பவரை மறந்துவிட நமக்கு யார் உரிமை கொடுத்தது? ராமானுசர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை ஊரறியச் சொன்னார் என்பார்கள். ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்றுதான் அவர் குரலை உயர்த்தினார். ஒரு பிள்ளையை வெளியே தள்ளும் சத்தத்துக்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அரக்கர் விலகத்தான் மணி என்றால், விலகி ஓடும் குழந்தையை அரக்கர் வரிசையில் நிறுத்தியது சாமி இல்லை. நாம் வைத்த சத்தத்தின் அளவு.

சென்னையில் ஒரு ஜெபக்கூடத்தின் மேளமும் ஒலிபெருக்கியும் பற்றி அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறர் அமைதியைக் கெடுத்துத் தொழும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. முதியவர், நோயாளி, படிக்கிற பிள்ளை, கைக்குழந்தை என எல்லோரையும் அந்தத் தீர்ப்பு நினைத்துப் பார்த்தது. அந்த வழக்கில் எதிரில் நின்றது ஒரு சபை என்றாலும் அது எனக்கும் சேர்த்துச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சக்கர நாற்காலிக்கான சாய்தளம்தான் நினைவுக்கு வருகிறது. காதுக்கும் ஒரு சாய்தளம் வேண்டும். ஓசூர் மாநகராட்சியாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பேருந்து நிலையத்தில் ஸ்பீக்கர் இல்லாத ஒரு காத்திருப்பு அறை, பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே மரம் நிற்கும் அளவு இடைவெளி, இதெல்லாம் பெரிய செலவா? இங்கிலாந்தில் 2017-ல் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகக் கடைகள் ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி விளக்கைக் குறைத்தன. வியாபாரத்துக்கு முடிந்தது வழிபாட்டுக்கு முடியாதா?

இப்போது காலைப் பூஜையில் மோட்டார் மேளம் போடுவதில்லை. கைமணியை முதலில் அவனுக்குக் காட்டுவேன். மூன்று விரலை நீட்டுவேன். மூன்றே தடவை அடிப்பேன். காதில் கை வைத்தபடியே தூணோரம் நிற்கிறான். கற்பூரம் அணைகிறவரை நிற்கிறான்.

பங்குனித் திருவிழாவுக்குக் கமிட்டி கூடும்போது கேட்கப்போகிறேன். கூம்பு வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் போதும், அதுவும் கோயிலைப் பார்த்து இருக்கட்டும். வாணவேடிக்கை எத்தனை மணிக்கு என்று நோட்டீசில் அச்சடிக்கட்டும். அது தெரிந்தால் மகள் முன்னதாகவே பிள்ளையைக் கூட்டிவந்து சாமி பார்க்கவைத்துவிட்டுப் போவாள்.