ஜன்னல் இல்லாத முகம்

அம்மாவுக்குப் படம் என்று இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று, நண்பன் ஒருவன் எடுத்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல், கூடத்து ஜன்னலோரம் முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். இடது கன்னத்தில் வெளிச்சம். வலது கன்னம் கூடத்து இருட்டோடு கலந்துவிடுகிறது. முகம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. எட்டில் ஒரு செகண்டு எக்ஸ்போஷர், ஸ்டாண்டு இல்லை. படம் லேசாக ஆடியிருக்கிறது. இன்னொன்று ஏதோ ஓர் அட்டைக்காகப் பள்ளிக்கூட அறையொன்றில் வெள்ளைத் துணி கட்டி, ஸ்டூலில் உட்காரவைத்து, ஃப்ளாஷ் போட்டு எடுத்தது. நெற்றி மினுங்குகிறது. மூக்கு தட்டையாகிவிட்டது. பின்னால் துணியில் நிழல் இன்னொரு தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்கள் அகல விரிந்து நேரே பார்க்கின்றன.

அம்மா போன பிறகு பத்தாம் நாளுக்குள் ஒரு படத்தைப் பெரிது பண்ணி மாட்ட வேண்டியிருந்தது. நான் முதல் படத்தை எடுத்து வைத்தேன். அக்கா இரண்டாவதை எடுத்தாள். "இதுலதான் அம்மா நம்மளப் பாக்கறா" என்றாள். நான் வெளிச்சத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, வீடு இருந்த இருப்பில் பாதியில் நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது படம்தான் சுவரில் ஏறியது. பாதியில் நிறுத்தியதை முடிக்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முடிக்க முடியவில்லை, என் கட்சியே என் கையில் உடைந்துபோயிற்று.

என் கட்சி இதுதான். இருக்கிற வெளிச்சத்தில் எடுத்த முகமே மெய்யான முகம். ஃப்ளாஷ் ஒரு பலாத்காரம். இதற்கு எனக்கு ஆசான் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். வாழ்நாள் பூராவும் ஃப்ளாஷை மரியாதைக் குறைவு என்று ஒதுக்கியவர். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணர் உடலை விட்ட 14ஆம் தேதி இரவும் அங்கேதான் இருந்தார். கடைசி நாட்களின் ரமணரை அவர் எடுத்த படங்களை நினைத்துக்கொள்வேன். அந்த இடத்தில் ஒருவன் ஃப்ளாஷ் பல்பைச் சொடுக்கியிருந்தால்? கேள்வியிலேயே பதில் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியது.

கட்சிக்குப் பௌதிக ஆதாரமும் வைத்திருந்தேன். ஃப்ளாஷின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குக் குறைகிறது. ஒரு மீட்டரில் இருப்பவன் மேல் விழுவதில் நாலில் ஒரு பங்குதான் இரண்டு மீட்டரில் விழும்; மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே முகம் வெளுக்கும், பின்னால் இருக்கிற அறை கறுக்கும். ஆளை அவன் இடத்திலிருந்து அறுத்து எடுத்துவிடுகிறது. (அம்மாவுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் துணி கட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூட அறையே படத்தில் இருந்திருக்காது.) ஜன்னல் அப்படியல்ல. முகத்துக்குக் கொடுத்த வெளிச்சத்திலேயே முறத்துக்கும் தூணுக்கும் பங்கு வைக்கிறது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது காலம். தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் சொல்கிறது. நம் மொழியில் ஒலியின் காலத்தை அளக்கும் அலகு ஒரு இமைப்பு. ஃப்ளாஷ் எரிவது ஆயிரத்தில் ஒரு செகண்டு, சில சமயம் அதற்கும் குறைவு. இமை மூடுவதற்கே பத்தில் ஒரு பங்கு செகண்டாவது வேண்டும். அதாவது ஃப்ளாஷில் பதிவாகிற முகம் ஃப்ளாஷை இன்னும் அறியாத முகம். வெளிச்சம் வந்ததும் படம் எடுத்ததும் முடிந்துபோன பிறகுதான் திடுக்கிடல் வருகிறது. இருட்டில் விரிந்திருந்த பாவை சுருங்க நேரமில்லாததால்தான் வர்ணப் படங்களில் கண் சிவந்து விழுகிறது. உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம் அது. ஆளுடைய பிரக்ஞை வந்து சேருமுன் அவன் ரூபத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவதை வேறு எப்படிச் சொல்வது?

வால்டர் பெஞ்சமின் 1931ல் புகைப்படத்தைப் பற்றி எழுதிய சிறு வரலாற்றில், ஹில்லும் ஆடம்ஸனும் 1840களில் எடின்பரோவில் எடுத்த படங்களைப் பற்றிப் பேசுகிறார். தகடு மந்தம். வெயிலில், கல்லறைத் தோட்டத்தில், நெடுநேரம் அசையாமல் உட்கார வேண்டும். அந்த நேரத்துக்குள் ஆள் படத்துக்குள்ளேயே வளர்ந்து விடுகிறான் என்பது அவர் கருத்து. இதைப் படித்தபோது நண்பனின் எட்டில் ஒரு செகண்டுக்கு ஒரு தத்துவமே கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

கட்சி முதலில் விரிசல் கண்டது ஜூலியா மார்கரெட் காமெரானிடம். கல்கத்தாவில் 1815ல் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் காமிரா கையில் வந்தது. ஒய்ட் தீவில் கோழிக்கூண்டைக் கண்ணாடி வீடாக்கி, நிமிஷக் கணக்கில் ஆட்களை உட்காரவைத்து எடுத்தார். டென்னிஸன், கார்லைல், ஹெர்ஷல். முகங்கள் ஆடியிருக்கும், ஓரம் கரைந்திருக்கும். கூர்மையை அவர் பொருட்படுத்தவில்லை. இருக்கிற வெளிச்சத்துக்கு இவரைவிடப் பெரிய பக்தர் கிடையாது. 1875ல் கணவரோடு இலங்கைக்குப் போனார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்தக் காலத்துக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்து போனவர்கள். காமெரான் அங்கேயும் படம் எடுத்தார், 1879ல் அங்கேயே மலைநாட்டில் இறந்தார். அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. டென்னிஸன் மேல் விழுந்த அதே மெத்தென்ற வெளிச்சம்தான். அசையாமல் நின்ற நிமிஷங்களுக்கு மட்டும் வேறு விலை. கவிஞன் தன் நேரத்தைக் கொடுத்தான். தோட்டத்து ஆளின் நேரமோ முன்பே வாங்கப்பட்டுவிட்ட நேரம்.

விரிசல் பிளந்தது ஜேக்கப் ரீஸிடம். நியூயார்க்கில் போலீஸ் செய்திகள் எழுதிய நிருபர், டென்மார்க்கிலிருந்து வந்தவர். ஏழைகள் அடைந்துகிடந்த வாடகைக் குடியிருப்புகளைப் பற்றி எழுதி எழுதிப் பார்த்தார், பலனில்லை. படம் எடுக்கலாம் என்றால் அந்த அறைகளில் வெளிச்சம் இல்லை. உள்ளறைகள் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. 1887ல் ஜெர்மனியில் மக்னீசியப் பொடியில் வேதி உப்பைக் கலந்து கொளுத்தும் முறையைக் கண்டுபிடித்தார்கள். செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் ரீஸ் புறப்பட்டுவிட்டார். முதலில் பொடித் தோட்டாவைத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டார்கள். ஜனங்கள் பயந்து ஓடினார்கள். அப்புறம் ஒரு வறுக்கும் சட்டியில் பொடியைக் கொட்டிக் கொளுத்தினார். அர்த்தராத்திரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தூங்குகிறவர்கள் முகத்தில் வெடி. பலாத்காரம் என்று நான் சொன்னதற்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் இல்லை.

ஒரு தடவை மாடியறை ஒன்றில் பார்வையற்ற பிச்சைக்காரர்கள் ஐந்து பேரை எடுத்தார். பொடி வெடித்ததில் சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் பற்றிக்கொண்டன. தீப்பிடித்தது அந்த ஐந்து பேருக்கும் தெரியாது. தெருவுக்குப் போக உளுத்த படிகள்தான் வழி. ரீஸ் ஒண்டியாகத் தீயை அடித்து அணைத்தார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார், மறைக்கவில்லை. நான் இந்த இடத்தை விட்டு நகர முடியாமல் பல நாள் இருந்தேன். வெளிச்சமே இல்லாதவர்கள் மேல் ஊருக்கெல்லாம் தெரிகிற வெளிச்சத்தைப் போடுகிறான் ஒருவன். அது அவர்களுக்காகவா, படம் பார்க்கப் போகிறவர்களுக்காகவா? சந்தேகமில்லாமல் பார்க்கப் போகிறவர்களுக்காகத்தான். ஆனாலும் 1890ல் வந்த அவருடைய புத்தகமும் அது கிளப்பிய வாதங்களும் வீணாகவில்லை. 1901ல் நியூயார்க் மாகாணம் கொண்டுவந்த குடியிருப்புச் சட்டம் புதிய கட்டடங்களில் ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்றது. சட்டத்துக்குப் பலர் உழைத்தார்கள், படங்கள் மட்டுமே சாதித்தன என்று சொன்னால் பொய். ஆனால் ஜன்னல் இல்லாதவனிடம் போய் ஜன்னல் வெளிச்சத்தில்தான் உன் மெய்யான முகம் இருக்கிறது என்று சொல்கிற என் அழகியல் எந்த வீட்டுக் கூடத்திலிருந்து பேசுகிறது என்பது அப்போது உறைத்தது. நம் கதைகளிலும் இந்த மிருதுவான வெளிச்சத்துக்கு ஒரு மவுசு உண்டு. எல்லாக் கதைகளிலும் சாயங்காலம். இடைவெளிவிட்டுச் சொல்வதையே நேர்மை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நிற்க. இயற்கை வெளிச்சம் என்பதும் கொஞ்சம் தளர்ந்த வார்த்தைதான். சித்திரை மாத உச்சி வெயில் இயற்கை இல்லையா? அதில் நிறுத்தி எடுத்தால் கண்குழி இரண்டும் கிணறாகிவிடும். வெளிச்சம் மெத்தென்று விழுவதும் வெட்டி விழுவதும் அது எங்கிருந்து பிறந்தது என்பதைப் பொறுத்ததல்ல. எவ்வளவு அகலமாக வருகிறது என்பதைப் பொறுத்தது. ஃப்ளாஷை வெள்ளைக் குடையில் திருப்பிவிட்டால் அதுவும் ஒரு ஜன்னல். கறுத்த தோலுக்கு இது பெரிய விஷயம். தோல் உள்வாங்கித் திருப்பித் தருகிற வெளிச்சம் குறைவு, மேலே பட்டு வழுக்குகிற மினுக்கம் எடுப்பாகத் தெரியும். ஜன்னலில் அந்த மினுக்கம் எலும்பின் அமைப்பைக் காட்டும். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து வரும் ஃப்ளாஷில் அதுவே நெற்றியில் எண்ணெயாக நிற்கும். ஸ்டூடியோக்காரர் பவுடர் டப்பாவை நீட்டியது சிவப்பாகக் காட்டத்தான் என்று நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மினுக்கத்தை அமுக்கவும் பவுடர் வேண்டியிருந்தது. கொடாக் கம்பெனி வர்ணப் பிரிண்டுகளைச் சரிபார்க்க 1950களிலிருந்து லாபரட்டரிகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரி. 'ஷெர்லி' என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. எங்கள் ஊர் ஸ்டூடியோவின் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் அவளும் நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது செல்போன் இருட்டிலும் பல படங்களை அடுக்கி ஒரு படமாக்கித் தருகிறது. ஃப்ளாஷா ஜன்னலா என்ற கேள்வியே பலருக்கு எழுவதில்லை. அதைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. என் கேள்வி அந்த இரண்டு படங்களைப் பற்றியது.

கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் லைகாவின் பளபளக்கும் பாகங்களின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். யார் கண்ணிலும் படாமல் எடுப்பதற்காக. பல வருஷம் இதை நான் அடக்கம் என்று படித்திருக்கிறேன். ஒளிந்திருத்தல் என்றும் அதைப் படிக்கலாம். ஃப்ளாஷ் போடுகிறவன் ஒளிய முடியாது. போட்ட மறுகணமே எடுத்தேன் என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறான்; திட்டலாம், அடிக்கப் போகலாம், ஓடலாம். ரீஸைப் பார்த்து ஓடினார்கள். இருக்கிற வெளிச்சத்தில் எடுக்கிறவனிடம் எடுபட்டவனுக்கு அந்தச் சௌகரியம்கூட இல்லை.

அட்டைக்கான படத்துக்கு அம்மா தானாகப் போனாள். காலையிலேயே குளித்து, பெட்டியிலிருந்து அரக்குப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்று, ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தியிருப்பது தெரிகிறது. அவளுக்கு எது வரும் என்று தெரியும். அறியாத முகம் என்று நான் கணக்குப் போட்டதெல்லாம் அந்த ஆயிரத்தில் ஒரு செகண்டுக்கு வேண்டுமானால் பொருந்தும். அதற்கு முந்திய அரை மணி நேரத்துக்குப் பொருந்தாது. உட்கார்ந்து தன்னை ஒருவன் பார்க்கக் கொடுப்பதற்கு அவள் தயார் செய்துகொண்ட முகம் அது. அக்கா இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டாள். அவளுக்குத் தேவையாயிருந்தது தன்னைப் பார்க்கிற அம்மா. எனக்குப் பிடித்திருந்ததோ என்னைப் பார்க்காத அம்மா.

ஜன்னல் படம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. இப்போதும் அழகான படம்தான். அதை மறுத்துச் சொல்ல என்னால் ஆகாது. போன மாதம் நண்பனிடம் நெகடிவ் இருக்கிறதா என்று கேட்டேன். வீடு மாற்றியதில் எங்கோ போய்விட்டது என்றான். அன்றைக்கு நடந்ததில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஷட்டர் சத்தத்துக்கு அம்மா திரும்பிப் பார்த்தாளாம்.

"எடுத்துட்டியா? சொல்லியிருந்தா மூஞ்சி கழுவிட்டு வந்திருப்பேனே" என்றாளாம்.