‘எல்லாம் ஒரிஜினல்தானா சார்?’

போன தை மாதம் என் ஸ்டாண்டர்டு ஹெரால்டை விற்றேன். வாங்க வந்தவர் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர். பானெட்டைத் திறந்து காட்டினேன். ஹெரால்டுக்கு மூக்கு, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து ஒரே மூடி. முழுசாக முன்னால் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் ஒரிஜினல்தானா சார்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வண்டி 1965-இல் பெருங்களத்தூரில் பிறந்தது. அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் அப்பா பெயின்ட் ஷாப்பில் இருந்தார். நான் இருங்காட்டுக்கோட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவன். துருப்பிடித்துக் கிடந்த இந்த வண்டியோடு ஒன்பது வருஷம் மல்லுக்கட்டினேன். 948 சிசி இன்ஜினுக்கு நாலு சிலிண்டரிலும் ஸ்லீவ் இறக்கினேன். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. பிளாட்டினம் பாயின்ட் இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷன். முன்பக்க டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக். தரைத்தகடு முழுக்கப் புதுசு. இடது கதவு புதுப்பேட்டையில் கிடைத்தது. உடைத்துப் போட்ட வேறொரு ஹெரால்டின் கதவு. இந்தக் காரின் பாடியே சேசிஸ் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு நிற்பதுதான். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால் எந்த போல்ட்டில் ஹெரால்டு காணாமல் போகும்?

கேள்வி புதிதல்ல. தீசியஸின் கப்பலில் மக்கிய பலகைகளை ஏதென்ஸ்காரர்கள் மாற்றிக்கொண்டே வந்தபோது, அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டதாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில், தேரில் வந்து இறங்கிய மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, எல்லாம் சேர்ந்த இடத்துக்கு நாம் வைத்த பேர்தான் தேர். இந்தப் பௌத்தம் எங்களுக்குத் தூரத்து விஷயம் அல்ல. மணிமேகலை அறவண அடிகளிடம் தருமம் கேட்ட காஞ்சி, எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினால் வந்துவிடும்.

ஆனால் விற்பவன் வாயில் இந்தத் தத்துவம் ஆபத்து. எல்லாம் வெறும் பேர்தான் என்றால், ‘ஒரிஜினல்’ என்ற பேரையும் கூசாமல் ஒட்டிவிடலாமே!

சட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டி விண்டேஜ் என்று பதிவாகலாம். நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நான் விண்ணப்பிக்கவில்லை. தரைத்தகடு உறுத்தியது.

எனக்குப் பதில் உள்ளூர்க்காரரிடமிருந்து வந்தது. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், உடம்பு என்றால் என்ன என்று ஸ்ரீபாஷ்யத்தில் இலக்கணம் சொல்கிறார். எதை ஓர் உயிர் தாங்குகிறதோ, நடத்துகிறதோ, எது அந்த உயிருக்காகவே இருக்கிறதோ அது அதன் உடம்பு. எதனால் ஆனது என்ற பேச்சே அதில் இல்லை. யாருக்காக இருக்கிறது என்பதுதான் கணக்கு. இங்கே கோயிலில் இருக்கும் உற்சவர் ‘தானுகந்த திருமேனி’. ராமானுஜரே அணைத்து உகந்த விக்கிரகம் என்பது ஐதீகம். உலோகம்தான். அதற்காக அதை நகல் என்று இந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை.

அப்படிப் பார்த்தால் டிஸ்க் பிரேக்கும் ஹெரால்டுதான் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ராமானுஜர் அங்கே நிற்பதில்லையே! உலகம் மொத்தமும் பெருமாளுக்கு உடம்பு என்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் என் பேர் இருக்கலாம். அவர் கணக்கில் சொந்தக்காரன் நான் இல்லை. ஒன்பது வருஷம் காரியம் பார்த்தவன், அவ்வளவே. சொந்தக்காரன் தன் பொருளைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளலாம். காரியம் பார்த்தவன் கணக்கு ஒப்படைக்க வேண்டும். கோயிலில் பொறுப்பு கை மாறும்போது நகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கல் உதிர்ந்திருந்தால் அதையும் எழுதித்தானே கொடுக்கிறார்கள்?

“எல்லாம் ஒரிஜினல் இல்ல தம்பி. ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்றேன்.

அரைக்குயர் நோட்டில் எழுதினேன். மாற்றியது 41. எது, ஏன், பழசு எங்கே என்று மூன்று பத்தி. டைனமோவையும் டிரம்களையும் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்தேன். கதவைப் பற்றி எழுதும்போது மட்டும் கை தயங்கியது. பெயின்ட் அடித்த பிறகு எனக்கே வித்தியாசம் தெரியாத கதவு. விலை குறையும். எழுதினேன். குறையவும் செய்தது.

வந்தவர் முதலில் சேசிஸ் எண்மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார். பிறகு நோட்டைப் படித்தார். ஸ்க்ரூடிரைவர் வாங்கி, இடது கதவின் உள்அட்டையைக் கழற்றினார். என் வண்டி க்ரீம் நிறம். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு நான் பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்த இடத்தில் வெளிர்பச்சை தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தார்.

“இது யார் கார் சார்?”

“அடுத்த பத்தியைப் பாருங்க தம்பி. தெரியாதுன்னு எழுதியிருக்கேன்.”