தானமும் விவேகமும்

கைம்மாறு கருதாமல், கொடுப்பது கடமை என்ற உணர்வுடன், தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்தவருக்கு அளிப்பதே சாத்விக தானம் என்பது பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் காட்டும் நெறி. உருகும் நெஞ்சு மட்டும் இதற்குப் போதாது. இடம், காலம், பாத்திரம் ஆகியவற்றை ஆராயும் விவேகமும் வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, தாய்லாந்து முதலிய நாடுகளின் கரைகளைத் தாக்கியது. இரண்டு லட்சத்திற்கும் அதிகமானோர் மாண்டனர். தொலைக்காட்சியில் அத்துயரைக் கண்ட உலகம் வாரி வழங்கியது. 1971-இல் பாரிஸில் தோன்றி, 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கும் பெரும் நிதி குவிந்தது. ஆனால் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே, தான் ஆற்றக்கூடிய மருத்துவப் பணிக்குப் போதிய பொருள் வந்துவிட்டது என்றும், இதற்கென இனி அனுப்ப வேண்டாம் என்றும் அவ்வமைப்பு அறிவித்தது. மிகுந்திருந்த தொகையை வேறு துயர்களுக்குச் செலவிட, கொடுத்தவர்களிடமே அனுமதி கேட்டது. மக்களின் ஈகை உணர்வு தணிந்துவிடுமோ என்று அஞ்சிய சிலர் கடிந்துகொண்டனர். கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இசைந்தனர். அப்பொருள் சூடானின் டார்ஃபூருக்கும், நைஜரில் பசியால் மெலிந்த குழந்தைகளுக்கும், 2005 அக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கத்தால் பாகிஸ்தானில் பாதிக்கப்பட்டோருக்கும் பயன்பட்டது.

பேரலை ஆரவாரத்துடன் வருகிறது. பசியோ ஓசையின்றி வருகிறது. கண்ணில் பட்ட துயருக்கே மனம் ஓடுகிறது. உதவி கிட்டாவிடில் எத்தனை உயிர்கள் போகும்? அங்கே வேறு கைகள் நீண்டுள்ளனவா? தன்னால் ஆற்றக்கூடிய பணி அங்கு உண்டா? தொண்டு செய்வோர் இவற்றைக் கேட்டே ஆகவேண்டும்.

இவ்வாறு எடைபோடுவது அன்பைக் குறைத்துவிடாதா? பல பிள்ளைகளைப் பெற்ற தாய், பானையில் சோறு குறைவாக உள்ள நாளில், மிகவும் துவண்ட பிள்ளைக்கே முதலில் ஊட்டுகிறாள். அவள் அளப்பது சோற்றைத்தான், அன்பை அன்று.

இத்தகைய விவேகத்தின் வேர் துறவு. வரும் பொருளை மறுக்க அமைப்புக்குப் பற்றின்மை வேண்டும். தன் பொருள் தான் நினைத்த இடத்திற்கே செல்லவேண்டும் என்ற பிடிப்பை விடக் கொடுப்பவருக்கும் அது வேண்டும். 1898-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது, நிவாரணப் பணிக்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. தேவையானால் மடத்திற்கென வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்று சுவாமி விவேகானந்தர் துணிந்தார்.

கண்ணுக்குத் தெரியாத மூலையிலும் இறைவன் பசித்திருக்கிறான். அங்கும் சென்று சேரும் தானமே நிறைவான வழிபாடு.