செத்த எலியும் மூடிய சுரங்கமும்



பௌர்ணமி தோறும் நாம் ஒன்றுகூடிப் பஞ்சசீலம் ஏற்றுத் ததாகதரின் போதனையைச் சிந்தித்து வருகின்றோம். தோன்றிய யாவும் மாறும் என்பது அப்போதனையின் அடித்தளம். இதனைச் சாவு வீட்டில் நாம் எளிதாக நினைவுகூர்கின்றோம். வேலை போன வீட்டில் நினைவுகூர்வதில்லை. உயிர் நிலையாது என்று ஒப்புக்கொள்ளும் நாமே ஊதியம் மட்டும் நிலைக்கும் என்று உள்ளூர நம்பி வாழ்கின்றோம். அந்நம்பிக்கை உடையும் நாளில் தம்மம் இல்லறத்தானுக்கு எவ்வாறு துணை நிற்கும் என்பதே இன்று நாம் எண்ணப் புகும் பொருள்.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ்ப் பௌத்தம் மறுமலர்ச்சி பெற்ற இடங்களுள் ஒன்றாகிய கோலார் தங்கவயலே போதும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கினர். வட ஆர்க்காட்டிலிருந்தும் அதனை அடுத்த பகுதிகளிலிருந்தும் நிலமற்ற ஏழை மக்கள் பல்லாயிரவர் அங்குக் குடியேறினர். ஊரில் சாதிக் கொடுமைக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் ஆளாகிக் கிடந்தோர் பலர், உழைப்புக்குக் கூலியைப் பணமாகக் கையிற் கண்டது அம்மண்ணிலேதான். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அத்துணை ஆழத்தில் வெம்மையிலும் தூசியிலும் உழைத்து ஈட்டிய கூலியில் மிச்சம் பிடித்தே நம் முன்னோர் அங்குப் பௌத்த சங்கத்தை வளர்த்தனர். அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய இதழுக்கு அவர்கள் பெருந்துணையாக நின்றனர். பண்டிதர் 1914-இல் மறைந்தார். பின்னர் 1926-இல் அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். ஆகவே, நம் கைக்கு வந்துள்ள தம்மத்தில் சுரங்கத் தொழிலாளியின் வியர்வையும் கலந்துள்ளது.

அச்சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நடுவண் அரசு நிறுவனம் அமைந்தது. ஆனால் ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. பாறையில் பொன்னின் அளவோ குறைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகள் ஒரு நகரத்துக்குச் சோறிட்ட தொழில் ஒரு நாளில் நின்றது. அப்போது தாழ்ந்து கிடந்த பொன்விலை அடுத்த ஆண்டுகளில் பன்மடங்கு உயர்ந்தது; ஆனால் அதற்குள் குழிகளில் நீர் நிறைந்துவிட்டது.

இதனைப் பௌத்தன் எவ்வாறு நோக்க வேண்டும்? பல நிலைமைகள் கூடியபோது ஒன்று உண்டாகிறது. அவை பிரியும்போது அது மறைகிறது. பொன் மிகுந்த பாறை, மலிந்த கூலி, ஆங்கில முதல், மின்னாற்றல், உலகச் சந்தை விலை ஆகிய இவை கூடியவிடத்துத் தங்கவயல் என்னும் பிழைப்பு உண்டாயிற்று. இவற்றுள் ஒன்றும் தொழிலாளியின் கையில் இல்லை. ஆதலால், சுரங்கம் மூடியது எவருடைய தலைவிதியும் அன்று. முற்பிறவிப் பாவத்தின் பயன் என்று சொல்லி ஏழையை வாயடைப்பது தம்மமும் அன்று.

வேலையிழந்தோரைப் பார்த்து, “முயற்சி இல்லாதவர்க்கே வறுமை, ஊக்கமுள்ளவன் எங்கும் பிழைப்பான்” என்று பேசுவோர் நம்மிடையே மிகுந்துள்ளனர். சுரங்கத் தூசி நுரையீரலிற் படிந்து, பத்தடி நடக்க மூச்சுத் திணறும் முதியவரிடம் இதனைச் சொல்வது வன்சொல்லாகும். கூடதந்த சூத்திரத்தில் ததாகதர் காட்டும் நெறி வேறு. நாட்டில் களவு மலிந்தபோது அதனைத் தண்டனையால் ஒழிக்க இயலாது என்றும், உழுவோர்க்கு விதையும் வணிகர்க்கு முதலும் பணியாளர்க்கு ஊதியமும் அரசன் அளித்தல் வேண்டுமென்றும் அதில் அறிவுரை கூறப்படுகின்றது. எனவே, அரசு தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று கேட்பது சோம்பேறியின் முணுமுணுப்பு ஆகாது; அது தம்மத்தோடு இயைந்த கோரிக்கை. தனி மனிதன் முயற்சியைப் பற்றி நாம் இனிக் கூறுவதெல்லாம் இக்கடமையை மறைப்பதற்கு அன்று. அக்கடமை நிறைவேறும்வரை அடுப்பு எரிய வேண்டுமே என்பதற்காகவே.

ஜாதகக் கதைகளுள் சுல்லசேட்டி ஜாதகம் நம் கவனத்திற்கு உரியது. அது கூறப்பட்ட சந்தர்ப்பத்தை முதலில் அறிவோம். சுல்லபந்தகர் என்னும் பிக்கு நான்கு திங்கள் முயன்றும் ஒரு செய்யுளை மனப்பாடம் செய்ய மாட்டாதவராயினார். அவருடைய தமையனாரே அவரைச் சங்கத்தை விட்டுப் போகுமாறு கூறிவிட்டார். வருந்தி நின்றவரிடம் ததாகதர் வெண்மையான துணி ஒன்றைக் கொடுத்து, அதனைத் தடவிக்கொண்டே இருக்கச் சொன்னார். தடவத் தடவ வெண்துணி அழுக்கேறியது. “சற்று முன் தூயதாக இருந்தது இப்போது மாறிவிட்டதே” என்று அவர் கண்டார். அக்காட்சியே அவருக்கு ஞானவாயில் ஆயிற்று. எல்லோரும் அழுக்கைக் காணுமிடத்து அவர் மாற்றத்தைக் கண்டார்.

இவரைப் பற்றிய பேச்சின்போதே ததாகதர் பழங்கதை ஒன்றை உரைத்தார். காசி நகரில் ஒரு சேட்டி, வழியில் கிடந்த செத்த எலியைக் கண்டு, “அறிவும் முயற்சியும் உடையவன் இதனைக் கொண்டே தொழில் தொடங்கிக் குடும்பம் நடத்தலாம்” என்று கூறினார். நொடித்துப் போன குடும்பத்து இளைஞன் ஒருவன் அதனைக் கேட்டான். எலியை எடுத்துச் சென்று ஒரு கடைப் பூனைக்கு உணவாக விற்று, மிகச் சிறிய காசு ஒன்றைப் பெற்றான். அக்காசுக்கு வெல்லம் வாங்கினான். ஒரு குடத்தில் நீர் எடுத்துக்கொண்டு காட்டிலிருந்து திரும்பும் பூப்பறிப்போரை எதிர்கொண்டான். ஒவ்வொருவர்க்கும் சிறிது வெல்லமும் ஓர் அகப்பை நீரும் கொடுத்தான். அவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி மலர் கொடுத்தனர். பின்னர் ஒருநாள் பெருங்காற்றில் அரசன் சோலையில் கிளைகள் முறிந்து விழ, தோட்டக்காரனுக்கு அது சுமையாயிற்று. இவன் அவற்றை அகற்றிக் குயவனுக்கு விறகாக விற்றான். அடுத்து, நகர வாயிலருகே தண்ணீர் வைத்துப் புல்லறுப்போர் 500 பேரின் தாகம் தீர்த்தான். “உமக்கு நாங்கள் என்ன செய்வோம்?” என்று கேட்டவர்களிடம், “வேண்டும்போது சொல்வேன்” என்றான். வணிக நண்பன் ஒருவன் 500 குதிரைகளோடு வியாபாரி வருகிறான் என்று செய்தி தந்தபோது, புல்லறுப்போரிடம் ஆளுக்கு ஒரு கட்டுப் புல் கேட்டான். அவர்கள் மறுக்கவில்லை. 1000 காசு அவன் கைக்கு வந்தது. பின்னும் வளர்ந்து பெருஞ்செல்வனான பிறகு, முதற்சொல் தந்த சேட்டியைத் தேடிச் சென்று நன்றி செலுத்தினான்.

இக்கதையைக் கேட்போர் எலியையே நினைவில் வைத்துக்கொள்கின்றனர். எலி ஒரு காசோடு தீர்ந்தது. அவனை வளர்த்தது பிறருடைய தாகம். களைத்து வருவோர் யார், எவ்விடத்தில் களைக்கின்றனர், அவர்க்கு என்ன தேவை என்று அவன் நோக்கினான். ஒருவனுக்குக் குப்பையாயிருந்த கிளை மற்றொருவனுக்கு விறகு என்பதைக் கண்டான். வாய்ப்பு என்பது இதுவே. பிறருடைய துன்பத்தைக் கூர்ந்து கண்டு, நேர்மையான விலைக்கு அதனைக் குறைத்தல் வாய்ப்பாகும். தன் இழப்பையே எண்ணிக் கொண்டிருப்பவன் கண்ணுக்குப் பிறர் தாகம் தெரியாது. ஆதலின் பற்று விடுதல் துறவிக்கு மட்டும் உரிய அறமன்று. பிழைப்புத் தேடும் இல்லறத்தானுக்கும் அதுவே முதல் மூலதனம்.

சுரங்கம் மூடியபின் தங்கவயல் மக்கள் பல ஆயிரவர் மாரிகுப்பத்திலிருந்தும் அடுத்த நிலையங்களிலிருந்தும் இரயிலேறிப் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லலாயினர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போக்கு, அதே தொலைவு வரவு. இருளில் புறப்பட்டு இருளில் வீடு திரும்பும் வாழ்க்கை அது. இங்கே தாகம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் கிளம்புவோர்க்குச் சூடான உணவு வேண்டும்; தாயும் தந்தையும் இல்லாத பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்; பழைய வீடுகளில் குழாயும் மின்கம்பியும் பழுது பார்ப்போர் வேண்டும். சுரங்கத்தில் பம்பும் விசையும் ஓட்டியவர், மரமுட்டுக் கொடுத்தவர், இரும்பு வேலை செய்தவர் ஆகியோர் கையில் கலை இருக்கிறது. சுரங்கம் மூடப்பட்டது, அக்கலை மூடப்படவில்லை. பெயர்ப்பலகை மாறியதும் தொழிலறிவே போயிற்று என்று எண்ணுதல் மயக்கம்.

ஆயினும் வாய்ப்பு என்று தோன்றுவன யாவும் நல்வாழ்க்கை ஆகா. கருவி, உயிர், ஊன், கள், நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகத்தையும் உபாசகனுக்குத் ததாகதர் விலக்கினார். ஊர் நொடியும் காலத்தில் இவற்றினும் நுண்ணிய தீவழிகள் திறக்கின்றன. வேலை போனவனுக்குச் சாராயம் விற்பது பெருலாபம். அவன் மனைவியின் தாலியை அடகு பிடித்துக் கந்துவட்டிக்கு விடுவது அதனினும் பெருலாபம். வேலை வாங்கித் தருவதாக முன்பணம் பெற்று மறைவதும் நடக்கிறது. மூடிய சுரங்கத்துள் இரும்பு திருடப் புகுந்து உயிரை இழந்தாரும் உளர். பிறர் துன்பத்தைக் குறைத்து ஈட்டுவது தொழில். பிறர் துன்பத்தைப் பெருக்கி ஈட்டுவது கொள்ளை. இந்த எல்லைக்கோட்டை வறுமை அழித்துவிடாமல் காப்பதற்கே சீலம் உள்ளது.

அங்குத்தர நிகாயத்தில் ததாகதர் கடைக்காரனுக்கு மூன்று பண்புகள் கூறுகின்றார். அவன் கண்ணுடையவன்: இன்ன விலைக்கு வாங்கி இன்ன விலைக்கு விற்றால் இவ்வளவு மிஞ்சும் என்று கணக்கறிவான். அவன் திறமுடையவன்: வாங்கவும் விற்கவும் வல்லவன். அவன் துணையுடையவன்: பொருளுள்ளோர் அவனுடைய நாணயத்தை நம்பி முதல் கொடுப்பர். இம்மூன்றனுள் கடைசிப் பண்பைக் கவனியுங்கள். அது ஒருவன் தனியே ஈட்டக் கூடியதன்று. நாள்தோறும் சொன்ன சொல் காத்து ஈட்டுவது.

ஈட்டியதைக் காத்தலும் அறமே. சிகாலன் என்னும் இளைஞனுக்குத் ததாகதர், வருவாயை நான்காக்கி ஒரு பங்கைத் துய்க்கவும், இரண்டைத் தொழிலில் இடவும், நான்காவதை இடுக்கண் வரும் நாளுக்கு வைக்கவும் உபதேசித்தார். சிறு வருவாயில் நான்கு பங்கு ஏது என்று கேட்பீர்கள். அளவு சிறிதாயினும் பிரிக்கும் பழக்கமே காப்பு. 2020 மார்ச்சில் நாடெங்கும் பயணிகள் இரயில் நின்றபோது, சுரங்கத்துக்கு மாற்றாக வந்த பெங்களூர்ப் பிழைப்பும் நின்றது. மாற்றமும் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? கோலியனாகிய தீகஜாணுவுக்குக் கூறியபடி, செல்வம் ஓர் ஏரி. தீய காமம், குடி, சூது, தீயோர் நட்பு என்னும் நான்கு மதகுகளும் திறந்திருந்தால், எத்துணை மழை பெய்தும் ஏரி வற்றும்.

முடிவாக ஒன்று. கதையின் இளைஞன் தனியாக உயரவில்லை. சேட்டி ஒரு சொல் தந்தார். வணிகன் ஒரு செய்தி தந்தான். புல்லறுப்போர் ஆளுக்கொரு கட்டுத் தந்தனர். நன்னட்பு என்று தம்மம் கூறுவது இதுவே. ஆகவே நம் சங்கங்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வணங்கிக் கலையும் கூட்டங்களாக நில்லாமல், செய்தி பரிமாறும் இடங்களாகவும் விளங்க வேண்டும். பட்டறை அறிந்த பெரியவர் ஒருவர் இளைஞர் இருவர்க்குக் கைவேலை கற்பிக்கட்டும். எழுத்தறிந்தவர் பிறர்க்கு அரசின் உதவி விண்ணப்பம் எழுதித் தரட்டும். உண்டியலில் சேர்வதில் ஒரு பகுதி, வட்டியில்லா முதலாக ஒரு விதவையின் இட்டலிக் கடைக்குச் செல்லட்டும். நுரையீரல் நோயுற்ற முதியவர் வீட்டுக்கு மருந்து செல்வது எவருடைய முறை என்று இன்றே குறித்துக்கொள்வோம்.

நிலத்தடியில் 3 கிலோமீட்டர் இறங்கியபோது நம் முன்னோர் தலையில் ஒரு விளக்குக் கட்டிச் சென்றனர். அவ்விளக்கு அடுத்த சில அடிகளை மட்டுமே காட்டியது. அதுவே அவர்களை வேலைக்குக் கொண்டுசென்று வீட்டுக்கும் கொண்டுவந்தது. மாறும் காலத்தில் நற்காட்சியும் அத்தகையதே. அடுத்த அடியை அது காட்டும். பக்கத்தில் நடப்பவர் கையையும் பிடித்துக்கொண்டு அவ்வடியை வைப்போமாக.

புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் துணையால் எவ்வுயிரும் நலம் பெறுக!