அறியாமல் செய்ததா, அறிய மறுத்ததா?

"எனக்குத் தெரியாது" என்று ஒருவர் கூறிவிட்டால் அவர்மீது குற்றமில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். தெரியாமல் நேர்ந்த பிழை பொறுக்கத்தக்கது என்பது உண்மையே. ஆனால், தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டுப் பிறகு "தெரியாது" என்பவரின் நிலை என்ன? நமது இல்லத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி இக்கேள்வியை நம் முன் நிறுத்தியது.

நம் குடும்பத்தில் ஒரு பழைய பெட்ரோல் கார் உண்டு. தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும், பிள்ளைகளை மதரஸாவில் விடுவதற்கும் அதுவே உதவி. சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒரு திருமணத்திற்காகத் தங்கை மகன் அதை இரவல் வாங்கிச் சென்று, மறுநாள் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த நாள் நாம் மேம்பாலம் ஏறும்போது எஞ்சினிலிருந்து 'டொக், டொக்' என்று ஓர் ஓசை. அவ்வளவுதான், வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "இளம் பிள்ளை, கண்மண் தெரியாமல் ஓட்டியிருப்பான்" என்றோம். அவரிடமே சொல்லியும் விட்டோம். "இல்லை மாமா, மெதுவாகத்தான் ஓட்டினேன்" என்று கூறித் தலைகுனிந்து நின்றார் அவர்.

பட்டறையிலிருந்த முதிய மெக்கானிக் நம்மைப் போல் அவசரப்படவில்லை. முதலில் ஆயில் கம்பியை உருவினார். கீழ்க்கோட்டைக்கூட ஆயில் தொடவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஆயில் ஊற்றிவிட்டுக் கேள்விகள் கேட்டார். ஓசை வண்டி ஓடும்போது மட்டும் வருகிறதா, நிற்கும்போதுமா? நிற்கும்போதும் வருகிறது என்றோம். அப்படியானால் சக்கரங்கள்மீது குற்றமில்லை.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை அதன்மேல் பல இடங்களில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். வால்வின் ஓசை மேற்பகுதியில் லேசாக ஒலிக்கும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வால்வு ஒரு தடவைதான் திறக்கும். நிமிடத்திற்கு 800 சுற்று என்றால் 400 தட்டு. இதுவோ அடிப்பகுதியிலிருந்து, கனமாக, விரைந்து வந்தது. பின்னர் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றாவது சிலிண்டரின் ஒயரைக் கழற்றியதும் ஓசை தணிந்தது. எரிப்பு நின்றால் அந்த சிலிண்டரின் கனெக்டிங் ராடுமீது விழும் பாரம் குறையும். ஆகவே, தேய்ந்திருப்பது அந்த ராடின் பேரிங் என்றார்.

"எங்கும் ஒழுக்கு இல்லை, பாய். ஆயில் இவ்வளவு குறைய ஒரு நாள் போதாது. சாவி போட்டதும் ஆயில் விளக்கு ஒரு நொடி எரியணுமே, எரிவதில்லையா?" என்று கேட்டார்.

நாம் வாயடைத்துப் போனோம். நான்கு மாதங்களாக அது எரியவில்லை. பல்பு போயிருக்கும், பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தோம். ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்க வேண்டிய விளக்கு அது. அதை அணைந்தபடியே விட்டு, வண்டியை அந்தப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறோம். அவர் அறியாதவர். நாமோ அறிய மறுத்தவர்கள்.

மனிதன் எல்லாவற்றையும் அறிந்திருக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். முடியாதுதான். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் அறிவு நமக்கில்லை. அதற்காக நம்மை யாரும் குறை கூறவும் மாட்டார்கள். ஆனால் அடையாளம் நம் கண்ணுக்குத் தெரிந்ததா? பார்ப்பது நம் கைக்கு எட்டியதா? பிறர் உயிர் அதை நம்பி இருந்ததா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், "தெரியாது" என்பது சாக்கே அன்றி வேறில்லை. ஒரு துணியால் கம்பியைத் துடைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வண்டியும் ஓர் அமானிதம்தான். அதில் ஏறுகின்றவர்களோ அதைவிடப் பெரிய அமானிதம்.

இன்னொன்றும் உண்டு. ஓர் இரும்புத் துண்டின்மீது குற்றம் சாட்டுவதற்கு அம்முதியவர் அவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டார். ஒரு மனிதர்மீது குற்றம் சாட்டுவதற்கு நாம் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

புதிய பேரிங் போட்டாயிற்று, பல்பும் மாற்றியாயிற்று. அன்று மாலையே தங்கை வீட்டிற்குச் சென்று, எல்லோர் முன்னிலையிலும் சொன்ன பழியை எல்லோர் முன்னிலையிலும் திரும்பப் பெற்று, அப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். பட்டறைக்குப் போவதைவிட அவ்வீட்டு வாசற்படி ஏறுவதுதான் நமக்குக் கடினமாக இருந்தது.