2,098 வாக்குகள்

பிரதிநிதித்துவ ஜனநாயகத்தின் நன்மை தீமைகளை ஆண்டுதோறும் மாணவருக்குக் கற்பிக்கிறேன். பாடநூல் தரும் விளக்கங்களைவிட, 1994 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் முடிவே எனக்கு அதிகம் சொல்கிறது.

ஆசனங்கள் பத்து. பதிவு பெற்ற வாக்காளர் ஏறத்தாழ ஆறு இலட்சம். வாக்களித்தோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது, அங்கே வாக்களிப்பு நடக்கவில்லை. இராணுவத்தின் வசமிருந்த தீவகத்து வாக்குகளைப் பெரிதும் நம்பிய ஈ.பி.டி.பி. அணி 10,744 வாக்குகளுடன் ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. பத்தாவது ஆசனம் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு. அதற்குக் கிடைத்தவை 2,098 வாக்குகள். 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் அகதிகளாயிருந்த எம்மவரின் வாக்குகளே அவற்றுள் பெரும்பாலானவை.

சட்டப்படி இதில் குறையேதுமில்லை. விகிதாசார முறை விழுந்த வாக்கைத்தான் எண்ணும். விழவிடாமல் தடுக்கப்பட்ட வாக்கை எண்ண அதனிடம் வழியில்லை. ஆளில்லாத ஊருக்கும் அது ஆள் அனுப்பிவிடும். பிரதிநிதித்துவத்தின் பெரிய பலவீனம் இதுதான் என்பேன்.

அயலவர் வாக்களிக்க இயலாதிருந்த வேளையில் அவர்களுக்கும் சேர்த்து நாம் ஓர் உறுப்பினரை அனுப்பியது நியாயமா? தமிழ் நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. பிரதிநிதித்துவம் ஓர் அமானிதம் என்றால், ஒப்படைக்காதவரின் பொருளுக்கு நாம் எப்படிப் பொறுப்பேற்பது? ஆயினும் வீடு, கடை, பள்ளிவாசல், பாடசாலை யாவும் கைவிட்டுப் போன பின்பு, எம் மூத்தோரை யாழ்ப்பாணத்தவர் என்று சொன்ன அரச ஏடு வாக்காளர் இடாப்பு ஒன்றுதான். அவர்கள் வாக்களித்தது கட்சிக்கு என்பதைவிட, அந்த இடாப்பில் தம் பெயர் அழியாதிருக்க என்றே கொள்கிறேன். ஓர் உறுப்பினரால் எம்மை மீளக் குடியமர்த்த முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு வந்த சிக்கல் வேறு. ஆசனங்கள் பதிவுத் தொகையைப் பின்பற்றுபவை. 2010இல் ஒன்பதாயிருந்த யாழ்ப்பாணத்து ஆசனங்கள் 2024இல் ஆறாகிவிட்டன. புத்தளத்தில் பதிந்தால் பிள்ளைக்குப் பாடசாலை, அன்றாடக் காரியங்களுக்கு அலுவலகம். இங்கே பதிந்தால் ஊர். இரு ஊர்க்காரராகிவிட்ட மனிதருக்குத் தேர்தல் சட்டம் ஓர் ஊரைத்தான் அனுமதிக்கிறது. (இதை வகுப்பில் சொன்னால், சேர் பரீட்சைக்கு வருமா என்பார்கள்.)

என் மூத்த காக்கா புத்தளத்தில் பதிந்திருக்கிறார், நான் இங்கே. 2024 நவம்பரில் ஒரே குடும்பத்தவர் நாம் இரண்டு மாவட்டங்களில் வாக்களித்தோம். எங்கள் உம்மாவின் பெயர் எந்த இடாப்பில் இருக்க வேண்டும் என்பதில் எமக்குள் இன்னும் முடிவில்லை.